பதினொன்றாவது இடம்

நவ. 19, புதன்

காலையில் நல்ல பனி. பரணிலிருந்து ஸ்வெட்டர் இறக்கியாயிற்று.

இன்று நாடக விழா தொடக்கம். ஐந்து நாள், பதினொரு நாடகம். இடம் போன வருஷம் மாதிரியே திருமுல்கேரியில் அந்த மூடிப்போன பள்ளிக்கூடம். வகுப்பறைகள்தான் மேடை. பெரிய அரங்கத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத நாடகங்கள் எல்லாம் இங்கே வரும். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

எடுத்துப் போக: நோட்டு, பேனா இரண்டு, தண்ணீர், முதுகுக்குச் சின்னத் தலையணை (மர பெஞ்சு), இருமல் மிட்டாய், துணி க்ளிப் நான்கு.

க்ளிப் முக்கியம். பள்ளி முற்றத்தில் ஒரு கொடி கட்டியிருப்பார்கள். ஆறு நாடகமாவது பார்த்தவர் யாராக இருந்தாலும் தன் பட்டியலை எழுதி அதில் தொங்கவிடலாம். எது முதல், எது இரண்டு, எது கடைசி. சனிக்கிழமை மாலை எல்லாப் பட்டியலையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதலில் வருகிற நாடகத்துக்கு ஞாயிறன்று முற்றத்தில் இன்னொரு காட்சி. பரிசு அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை அடிதடி.

எனக்கு இது நான்காவது வருஷம். 'ஆன்ட்டி லிஸ்ட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் எந்த நாடகத்துக்குப் போவது என்று சிலர் முடிவு செய்கிறார்களாம். நாடகம் படித்தவர்களுக்கு எரிச்சல். போன வருஷம் ஒரு தாடிக்காரர், "இந்த ஆன்ட்டி யாரு, பெரிய கிரிட்டிக்கா?" என்று என் காதுபடவே கேட்டார். இல்லை ஐயா. இருபத்தொன்பது வருஷம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரச் சோதனை. ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் தேறுமா தேறாதா என்று சொல்லத் தெரியும். அந்த அளவுக்கு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

என் சட்டங்கள்:
கடைசிவரை உட்கார வேண்டும்.
பட்டியல் போடும்வரை நடிகர்களோடு நாடகத்தைப் பற்றிப் பேசக் கூடாது.
கண்ணால் பார்த்ததற்கு மட்டும் இடம். கேள்விப்பட்டதற்குக் கிடையாது.

மூன்றாவது தொழிற்சாலையிலிருந்து வந்தது. மேஜைக்கு வராத பொருளுக்குக் கையெழுத்துப் போடுவது அங்கே பெரிய குற்றம்.

இன்று பார்த்தவை இரண்டு.

தெலுங்கு, ஒரே ஆள். அபார்ட்மெண்ட் கேட்டில் காவலுக்கு உட்காருகிற பெண். வருகிறவர் போகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே ஐம்பது நிமிஷம் பேசுகிறாள். அருமை. கடைசியில் அழுதிருக்க வேண்டாம்.

இங்கிலீஷ். ஒரு பையன் சப்பாத்தி சுற்றுகிற பிளாஸ்டிக் தாளைத் தன்மேல் சுற்றிக்கொள்கிறான். அவிழ்க்கிறான். மறுபடி சுற்றுகிறான். பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண், "ஸோ பிரேவ்" என்றாள். எனக்கு அவனுக்கு மூச்சு முட்டாமல் இருக்க வேண்டுமே என்ற கவலைதான்.

நாளை நம்முடையது. இந்த விழாவில் முதல் தமிழ் நாடகம். தமிழ் நண்பர்கள் மன்றம் போடுகிறது, எழுதி இயக்குவது செயலாளர் தண்டபாணி. பெயர் 'மொட்டை மாடிப் பூட்டு'. அபார்ட்மெண்ட் கூட்டம் நடக்கிறது. மாடிக் கதவின் பூட்டை உடைத்தது யார் என்று ஆளாளுக்குச் சண்டை. இவருக்கு (என் வீட்டுக்காரருக்கு) ஓரத்தில் ஒரு நாற்காலி. முப்பத்தைந்து நிமிஷம் வாயே திறக்க மாட்டார். கடைசிப் பத்து நிமிஷம் எழுந்து, நான்தான் உடைத்தேன் என்பார். ஏன் உடைத்தார் என்றால், வாழ்நாளில் ஒரு தடவையாவது வாய்விட்டுக் கத்திப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு அங்கேயே கத்துவார். நாடகம் முடிந்தது.

முப்பத்து நான்கு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவர். இவர் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் கூட வேலை பார்த்தவர்களே யோசிப்பார்கள். தண்டபாணி அதனால்தான் இவரைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை இவர் விடவில்லை. இரண்டு மாதம் சமையலறையில் நின்று ஒத்திகை. மெதுவான குரலில், என்னைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜைப் பார்த்து. நன்றாக இருந்தது. இவருக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. இரண்டாவது சட்டம்.

நவ. 20, வியாழன்

கோபமாக இருக்கிறேன். அதனால் மணிவாரியாக எழுதி வைக்கிறேன். பிற்பாடு யாரும் இல்லையென்று சொல்லக் கூடாது.

ஒரு நாடகத்துக்கு அறுபது நிமிஷம். அதற்குமேல் ஒரு நிமிஷமும் கிடையாது. அடுத்த குழு வாசலில் மெத்தையும் வாளியுமாக நிற்கும். இது எல்லோருக்கும் தெரியும், தண்டபாணிக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

4.00 வாழ்த்துப் பாடல். எல்லோரும் எழுந்து நின்றோம்.
4.04 குத்துவிளக்கு. வகுப்பறையில் தீ கூடாது என்று ஸ்ரவந்தி ஓடி வந்தாள் (விழாவை நடத்துகிற பெண்). வாக்குவாதம். பிறகு பேட்டரி விளக்கு.
4.09 வரவேற்புரை.
4.12 பொன்னாடை, ஏழு பேருக்கு. ஏழாமவர் வரவில்லை. பொன்னாடை மீந்துவிட்டதே என்று அவர் மச்சினரைக் கூப்பிட்டுப் போர்த்தினார்கள்.
4.17 சிறப்பு விருந்தினர், "ரெண்டே வார்த்தை".
4.25 ஒருவழியாக நாடகம்.

நாடகம் மோசமில்லை. பாதிப் பேர் முன்வரிசை விருந்தினரைப் பார்த்தே வசனம் பேசினார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். இவர் நாற்காலியில் அப்படியே. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மணி ஐந்து. எல்லோரும் சண்டை போட்டு ஓய்ந்தார்கள். இவர் இரண்டு கையையும் நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றினார். எழுந்திருக்கப் போகிறார். அறை விளக்கு அத்தனையும் எரிந்தது. மணி அடித்தது. ஸ்ரவந்தி கைகூப்பி, "சாரி, சாரி, டைம் அயிப்போயிந்தி." நேரம் முடிந்துவிட்டது. மெத்தை உள்ளே வந்துவிட்டது.

இவர் பாதி எழுந்தவர் அப்படியே இரண்டு விநாடி. பிறகு முழுவதும் எழுந்து, நாற்காலியை மடக்கி, ஓரமாக வைத்தார். கைதட்டினார்கள். அதுதான் முடிவு என்று நினைத்துவிட்டார்கள்!

வாசலில் ஒரு கண்ணாடிக்காரப் பையன் தன் நண்பனிடம்: "ஆ குர்ச்சி அங்கிள் சூப்பர் ரா. ஒக்க மாட்ட கூட லேது!" நாற்காலி அங்கிள் ஒரு வார்த்தை பேசாமல் என்ன நடிப்பு என்கிறான். இவர் காதில் விழுந்தது.

ஆட்டோவில் மாரெட்பள்ளி வீடு வரும்வரை பேச்சில்லை. முகத்தில் பவுடர் அப்படியே. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "சாப் கைக்கு சுப் பைட்டே?" என்றார், சார் ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று. எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

அழுகை வந்தது. இவருக்காகத்தான். வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினேன்.

நவ. 21, வெள்ளி

காபி இரண்டு டம்ளர் போட்டிருந்தார், வழக்கம்போல. என்னுடையதில் இன்று சர்க்கரை இல்லை.

"தண்டபாணி போன் பண்ணாரு. உன் லிஸ்ட்டுல மேல வந்தா ஞாயித்துக்கிழமை கெடச்சுடுமாம்."

"ம்."

"கெடச்சா கடைசி சீன் போடலாம்."

"தெரியுதுங்க."

"அந்த சீன் உனக்குத் தெரியும்ல விஜி."

"தெரியும். மேடையில பாக்கலியே."

ஜன்னலைப் பார்த்து, "ஹவ்" என்றார். இந்த ஊர் இந்தியில் ஆமாம். முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தால் சம்மதமும் வருத்தமும் இந்த ஒரே 'ஹவ்'வில் வந்துவிடுகிறது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

பதினொரு மணிக்குத் தண்டபாணியே எனக்குப் போன்.

"மேடம், மொத மொறையா நம்ம பாஷைக்கு எடம் கெடச்சிருக்கு. நீங்களே கைவிட்டா எப்படி?"

"பாஷைக்கு நான் எடம் போடல சார். நாடகத்துக்குப் போடறேன்."

"அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன ஆனதுக்கா இவ்ளோ?"

"இருபத்தஞ்சு நிமிஷம். எழுதி வெச்சிருக்கேன்."

"மரியாதை பண்ண வேண்டியவங்களுக்குப் பண்ணணும்ல? நீங்க பாதி தெலுங்கா ஆயிட்டீங்க மேடம்."

ஆனால்தான் என்ன? தெலுங்கு நாடகம் நேரத்துக்கு ஆரம்பித்தது. இதையும் சொன்னேன். வைத்துவிட்டார்.

நேற்றுக் காலையிலேயே நாலு பார்த்தாயிற்று, இன்று மத்தியானம் முதல் மிச்சம் நாலையும் பார்த்து முடித்தேன். பட்டான்செரு கெமிக்கல் கம்பெனி ஷிப்ட் ஆட்கள் ஆறு பேர் போட்டதை மறக்க முடியாது. முற்றத்தில் நிஜமாகவே ஒரு ஷேர் ஆட்டோ. பார்வையாளர் எட்டுப் பேர்தான் ஏற முடியும். நடிகர்கள் நம் மடியில் உட்காராத குறை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. ஒருவனை இன்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்கவில்லை. அடுத்ததிலும் இறங்கவில்லை. ஆட்டோ நின்ற இடத்திலேயே நிற்கிறது, எனக்கு ஊர் தாண்டிப் போய்விட்ட மாதிரி பயம். இறங்கும்போது பள்ளி முற்றம்தானா என்று பார்த்துக்கொண்டேன்.

மாலை பட்டியல் எழுத உட்கார்ந்தேன். முதல் ஒன்பது இடம் கால் மணியில் முடிந்தது. பிறகு பேனா ஓடவில்லை.

உண்மையை எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை. எனக்கும் அந்தப் பத்து நிமிஷம் வேண்டும். இவர் எழுந்து நிற்பதை நாலு பேர் பார்க்க வேண்டும். ஏழு என்று எழுதினேன். அடித்தேன். பத்து என்று எழுதினேன். பிளாஸ்டிக் பையன் என்னதான் கிறுக்குத்தனம் செய்தாலும் தொடங்கியதை முடித்தான். இது முடியவே இல்லை. முடியாததை முடிந்ததற்கு மேல் வைத்தால், தாடிக்காரர் கேட்டது சரிதான் என்று ஆகிவிடும். புருஷன் நாடகம், அதனால் மேலே. அப்புறம் என் பட்டியலை எதற்குக் கொடியில் போட வேண்டும்? வீட்டுக் கொடியில் போட்டுக்கொள்ளலாம்.

1. ஷேர் ஆட்டோ
2. அண்ணன் தம்பி ஃப்ரிட்ஜைப் பிரிப்பது (நம் ஊர் இந்தி, சிரித்துச் சிரித்துப் புரையேறியது)
3. கேட் பதிவேடு
...
10. பிளாஸ்டிக்
11. மொட்டை மாடிப் பூட்டு

க்ளிப் போட்டேன். ஏழெட்டுப் பேர் உடனே வந்து சூழ்ந்தார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

நவ. 22, சனி

பனி இல்லை, வெயில். எண்ணெய் தேய்த்துக் குளிக்க நினைத்தது நடக்கவில்லை.

நான்கு மணிக்கு முற்றத்துக்குப் போனால் கொடி தாழ்ந்து கிடக்கிறது. முப்பத்து நான்கு புதுப் பட்டியல். முப்பத்து நான்கும் ஜெராக்ஸ். ஒன்று: மொட்டை மாடிப் பூட்டு. இரண்டு முதல் பதினொன்று வரை அச்சுநோட்டீசில் இருந்த வரிசை அப்படியே. கீழே பெயர் மட்டும் தனித்தனியாகப் பேனாவில். மன்றத்து ஆட்கள் வேன் வைத்து வந்திருக்கிறார்கள். தண்டபாணி நடுவில், சட்டைப்பையில் இன்னும் க்ளிப்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "ரெண்டாவது எடம் போட்டிருக்கீங்களே சார், அது என்ன நாடகம்?"

அவர் தண்டபாணியைப் பார்த்தார்.

"எத்தனை நாடகம் பாத்தீங்க?"

"நம்மளுது பாத்தேம்மா. போதும்ல?"

போதாது. பட்டியல் போட ஆறு நாடகமாவது பார்த்திருக்க வேண்டும், அட்டையில் ஆறு முத்திரை வேண்டும். ஸ்ரவந்தி மேஜையிலிருந்து எழுந்து வந்து, ஒவ்வொரு பட்டியலாகப் பெயரைப் பார்த்து, அட்டை கேட்டாள். "கார்ட் உந்தா அங்கிள்? லேதா? ஓகே." ஒவ்வொன்றாக இறங்கியது. பாவம், பயந்த பெண்தான். ஆனால் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

தண்டபாணி என் பக்கம் திரும்பினார். "மேடம், புருஷன் மேல கோவம்னா வீட்டுல வெச்சுக்கங்க. இங்க வந்து பழி தீக்காதீங்க."

முற்றமே கேட்டது. எனக்குக் காது சுட்டது. "பழி தீத்தது நான் இல்ல சார். அவர் பேச வேண்டிய நேரத்துல பொன்னாடை போத்தினது நீங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

அப்போதுதான் இவரைப் பார்த்தேன். கொடியின் அந்தக் கோடியில் நிற்கிறார். அவர் பெயரிலும் ஒரு ஜெராக்ஸ் தொங்கியிருக்கிறது. அட்டை கேட்க ஸ்ரவந்தி இன்னும் அங்கே போகவில்லை. இவரே க்ளிப்பைக் கழற்றித் தாளை எடுத்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நேராக ஸ்ரவந்தி மேஜைக்குப் போய் ஏதோ கேட்டார். அவள் ஒரு தாளை நீட்டினாள். எழுதினார்.

ஷேர் ஆட்டோதான் முதல். ஞாயிறு ஐந்து மணிக்கு.

வரும்போது ஆட்டோவில் கேட்டேன், என்ன எழுதினீங்க என்று. "நாளைக்குப் பாரு" என்றார். மூன்று நாளில் என்னிடம் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை இது.

நவ. 23, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஷேர் ஆட்டோ முடிந்தது. முற்றம் நிறையக் கூட்டம், சுற்றி நின்றே பார்த்தார்கள். முடிந்ததும் ஸ்ரவந்தி மைக்கில், கடைசிக் கால் மணி யாருக்கு வேண்டுமானாலும், பெயர் கொடுத்தவர் வரலாம் என்றாள். எல்லா வருஷமும் உண்டு. பெரும்பாலும் கிட்டார் வைத்திருப்பவர்கள் வருவார்கள். இன்று ஒரே பெயர். "கோபால் காரு."

இவர் கேண்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேஷமில்லை, பவுடரில்லை. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த அதே நீலச் சட்டை.

எங்கிருந்தோ தண்டபாணி ஓடி வந்துவிட்டார். கையில் பொன்னாடை! "ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம். நம்ம மன்றத்தின் சார்பில் கோபால் சாருக்கு..."

"நக்கோ சார்" என்றார் இவர். வேண்டாமாம்.

"ஒரு சின்ன அறிமுகமாவது..."

"நக்கோ. தள்ளி நில்லுங்க சார். நேரம் ஆவுது."

தண்டபாணி தள்ளி நின்றார். இவர் ஒருவரைப் பார்த்து அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

உட்கார்ந்தார். சும்மா ஒரு நிமிஷம். கைப்பிடியில் கை ஊன்றினார். எழுந்தார். "நாந்தாங்க பூட்டை ஒடச்சேன்."

சமையலறையில் கேட்டது வேறு. அங்கே எல்லா வரியும் ஒரே சீராக இருந்தது. இங்கே முதல் இரண்டு வரி தடுமாறியது, ஒரு வரி விட்டுப்போனது. நடுவில் அவசரப்பட்டார், மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பேசாமல் இருந்த கதையை மூச்சு வாங்காமல் ஓட்டிவிட்டார். தமிழ் தெரியாதவர்கள் பாதிப் பேர். ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. ஆபீஸில் தன் யோசனையை இன்னொருவன் சொல்லிப் பேர் வாங்கியதைச் சொன்னபோது, ஷேர் ஆட்டோ ஆட்களில் ஒருவன் தலையாட்டினான். அவனுக்கு என்ன புரிந்ததோ.

பிறகு கத்தினார்.

வீட்டில் இந்த இடம் வரும்போது வாயை மட்டும் திறந்து காட்டுவார். அதனால் எனக்கும் தெரியாது. அவ்வளவு பெரிய குரல். வார்த்தை இல்லை, வெறும் குரல். தெருநாய்கள் குரைத்தன. அடுத்த காம்பவுண்டிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். மூச்சு தீரும்வரை கத்தினார், மூச்சு எடுத்து இன்னொரு தடவை கத்தினார். இந்த மனிதரோடுதான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

கைதட்டல். நான் தட்டவில்லை, நோட்டு கையில் இருந்தது.

பட்டியல் நேரம் நேற்றே முடிந்துவிட்டது. முடிந்தால் முடியட்டும். கொடியில் என் தாள் இன்னும் இருந்தது. போய்த் திருத்தினேன். 4. நாற்காலி, நீலச் சட்டை, பத்து நிமிஷம். பழைய நான்கு ஐந்தானது. வியாழக்கிழமை பார்த்தது பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கியது.

தண்டபாணி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "இப்பவும் நாலுதானா மேடம்? சொந்தப் புருஷனுக்கு மொத எடம் குடுக்க மனசு வரலியா?"

நான் வாய் திறப்பதற்குள் இவர். வேர்த்து விறுவிறுத்து, குரல் கட்டிப்போய், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

"மொத எடம் குடுத்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் சார்."

தாளைக் கிட்டே போய்ப் பார்த்தார். நாலு என்ற எண்ணின் மேல் விரல் வைத்தார். சிரித்தார். இவருக்கு இந்தப் பக்கம் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆட்டோவில் கேட்டார். "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல எவ்ளோ?"

"கொஞ்சம்தான்."

"என்ன கொஞ்சம்?"

"பொண்ணு பாக்க வந்த எடத்துல ஓடிட்டீங்க. அங்க நிக்கணும்."

"ஹவ்" என்றார். வேறு மாதிரி ஹவ்.

நவ. 24, திங்கள்

லேசாக மேகம். வாஷிங் மெஷினில் போர்வை. பால் இரண்டு பாக்கெட் சொல்ல வேண்டும். க்ளிப் மூன்றுதான் திரும்பி வந்திருக்கிறது.

மன்றத்து வாட்ஸப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இவரை எடுக்கவில்லை. இவராகவே வெளியேறிவிட்டார், காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே.

ஆறரை மணிக்குக் கூடத்தில் சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "உக்காரு விஜி, அந்த எடத்துல நின்னு காட்டறேன்" என்றார். நின்றார். நன்றாகவே நின்றார். இதற்கு இன்னும் இடம் போடவில்லை, முழுவதும் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது கத்துகிற இடத்துக்கு வந்துவிட்டார், முழுக் குரலில். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து கதவைத் தட்டுகிறார். தட்டட்டும்.